தூசிக்கான திருத்தம்

2025 ஜூலை 27, ஞாயிறு என்று தேதியிட்டு நான் எழுதி வைத்த குறிப்பு இது: “பெண் வந்து ஐந்து நாள் ஆகிறது. திரும்பும் டிக்கெட் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டால் ‘பாக்கலாம்மா’ என்கிறாள். குளிர்கோட்டையும் எடுத்து வந்திருக்கிறாள்.”

அந்தக் குளிர்கோட்டில்தான் என் சந்தேகம் தொடங்கியது. ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் கம்பளி கொண்டு வருவதில்லை. திரும்பிப் போகப் போகிறவள் அதைத் தன் அறையிலேயே மாட்டிவிட்டு வருவாள். முந்தைய வருகைகளில் அவள் அப்படித்தான் செய்திருந்தாள். பழைய குறிப்புகளைப் புரட்டி அதை உறுதி செய்துகொண்டேன். பெட்டியின் அடியில், அவள் முதல்முறை வெளிநாடு போனபோது பெரியகடை வீதியில் நான் வாங்கிக் கொடுத்த சின்ன குக்கரும் இருந்தது. கைப்பிடி ஆடியது, உள்ளே நன்றாகக் கருகியிருந்தது. அப்படிப்பட்ட ஒன்றை ஏழு கடல் தாண்டி யாரும் சும்மா தூக்கி வரமாட்டார்கள்.

நான் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். தேதியில்லாத தகவல் எதையும் நம்புவதில்லை. தேதி இருந்தாலும் உடனே நம்பிவிட மாட்டேன். 2021இல் எங்கள் ஊரில் வைகுண்ட ஏகாதசி கார்த்திகை மாதத்திலேயே வந்தது. மற்ற ஊர்களில் அதற்கு ஒரு மாதம் கழித்து, மார்கழியில். ஒரே வானத்தின் கீழ் இருந்துகொண்டு, இரண்டும் சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் ஊரில் வாழ்கிறவளுக்கு, ஒரு தேதியைப் பார்த்தால் “யார் கணக்கில்?” என்று கேட்கத்தான் தோன்றும்.

என் பெண் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தாள். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழு அது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அண்டம் எப்போது எவ்வளவு வேகமாக விரிந்தது என்ற வரலாற்றைக் கணக்கிடுவது அவர்கள் வேலை. அதை அவள் முதலில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் தொழிலைத்தான் கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொல்லியும் நானே படித்தும் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன். சில வகை விண்மீன்கள் வெடிக்கும்போது ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தருகின்றன. ஆகவே மங்கலாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது. தொலைவில் இருப்பது பழையது. அதன் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் அண்டம் விரிய விரிய, ஒளியும் நீண்டு சிவப்புப் பக்கம் போய்விடுகிறது. மங்கலை அளந்தால் எவ்வளவு காலத்துக்கு முந்தையது என்று தெரியும். சிவப்பை அளந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான வெடிப்புகளை வரிசையாக அடுக்கினால் அண்டத்துக்கு ஒரு காலவரிசை கிடைத்துவிடும். 1998 வரை எல்லோரும் அந்த வரிசையில் விரிவின் வேகம் குறைந்துகொண்டே வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து பார்த்தபோது தொலைவில் இருந்த வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. கூட்டுவது எது என்று தெரியாததால் அதற்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். அண்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அதுதான் என்கிறார்கள்.

இதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் உண்டு. நூலகத்தில் எந்த வகையிலும் சேராத புத்தகங்களை ‘இதர’ என்ற அலமாரியில் வைப்போம். ஒரு நூலகத்தில் எழுபது சதவீதப் புத்தகங்கள் ‘இதர’வில் இருந்தால், அந்த நூலகரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். இதை அவளிடம் ஒருமுறை சொன்னேன். “எங்களையும் கேட்டுண்டுதான் இருக்கா” என்றாள்.

அந்த ஆடியில் என் சந்தேகம் வேறு. மாலையில் அவளுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும். உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது முகம் இறுகியிருக்கும். கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நான் காப்பியோடு போனால் திரையைப் பாதி மூடுவாள். நான் மூன்று காரணங்களை யோசித்து வைத்திருந்தேன்: வேலை போயிருக்க வேண்டும், அல்லது அங்கே யாரோ ஒருவர் இருந்து, இப்போது இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது உடம்புக்கு ஏதோ. அந்தச் சமயம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. வேலை நிரந்தரமா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். என் கணவர் பதில் சொல்லாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தார். கேட்டுச் சொல்லுங்களேன் என்றால், பெண்ணிடம் அதைக் கேட்கும் தைரியம் தனக்கு இல்லை, நீயே கேள் என்பார்.

நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். நாலு வருஷமாக அளக்கிறீர்களே, விடை என்ன வந்தது என்றேன்.

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா? இன்னும் முடியலையா?”

“கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. ஆனா விடை என்னன்னு எங்க யாருக்கும் தெரியாது.”

நாலு வருடம் கணக்குப் போட்டவர்களுக்கு விடை தெரியாது என்பதை நான் நம்பவில்லை. பொய் சொல்வதென்றாலும் கொஞ்சம் பொருந்துகிற மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். ஊஞ்சலில் இருந்த என் கணவர் செய்தித்தாளை இறக்கி, “அப்போ சம்பளம் எதுக்குடி குடுக்கறா?” என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு விளக்கினாள். விடை இப்படித்தான் வரும் என்று ஒருவர் மனதில் நினைத்துவிட்டால், அந்தப் பக்கம் போகிற கணக்கைச் சரி என்று விட்டுவிடுவார். வேறு பக்கம் போனால் எங்கே பிழை என்று தேடுவார். பிழை இரண்டிலும் இருக்கலாம், ஆனால் தேடுவது ஒன்றில்தான். அதனால் தொடக்கத்திலேயே கணினி ரகசியமாக ஓர் எண்ணை எல்லா விடைகளிலும் கலந்துவிடும். அது என்ன எண் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. எல்லாத் திருத்தங்களும் செய்து முடித்து, இனி எதையும் தொடமாட்டோம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த எண்ணை எடுத்துவிட்டு உண்மையான விடையைப் பார்ப்பார்கள். அதற்குத் திரை விலக்குவது என்று அவளாகவே ஒரு பெயர் வைத்திருந்தாள். 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் வேறொரு பெரிய குழு, வேறொரு முறையில் செய்த அளவீடுகளில் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகி வருவதுபோல் ஒரு சாடை தெரிந்திருந்தது. உறுதி இல்லை, சாடை மட்டும். அதனால் தங்கள் விடை என்ன சொல்லும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் திரை இன்னும் அவசியம் என்றாள்.

“நீ ருசி பாக்காம தளிகை பண்றியேம்மா. அந்த மாதிரின்னு வெச்சுக்கோயேன்.”

எங்கள் வீடுகளில் சமைத்ததைப் பெருமாளுக்குக் காட்டும்வரை வாயில் வைப்பதில்லை. முகர்ந்தும் பார்க்க மாட்டோம். உப்பு, காரம், புளி எல்லாம் கை அளவுதான். வெளியூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நாற்பது வருடம் செய்தால் கை தானே அறியும். அவள் சொன்ன உவமை எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் நான் முழுக்க நம்பவில்லை. திரை விஷயம் உண்மையாகவே இருக்கலாம். குளிர்கோட்டுக்கு அது பதில் இல்லையே.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் நிறைய வந்திருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் தடுப்புக் கட்டிப் போலீஸ் நின்றுகொண்டிருந்தது. பெருக்குக்குக் கலந்த சாதங்கள் செய்வது வழக்கம். என் கணவரின் தங்கை எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறாள். வருடாவருடம் புளிக்காய்ச்சல் அவள் வீட்டிலிருந்து வரும். சாதம் வடித்து ஆறவைத்துக் கலப்பது என் வேலை. அன்றும் எவர்சில்வர் தூக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்த கூட்டத்தைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

புளியோதரை கலந்தேன். தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் ஆயின. என் கணவர் எல்லாவற்றையும் பெருமாளுக்குக் காட்டிக் கண்டருளப் பண்ணினார். நால்வரும் இலையில் உட்கார்ந்தோம்.

முதல் கவளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புளியோதரையில் உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. ஆனால் பெருமாள் கண்டருளியதற்கு அப்புறம் அது பிரசாதம். பிரசாதத்தில் குறை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நாத்தனார் தண்ணீர் குடித்தாள், மறுபடி குடித்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் காவிரியில் எத்தனை கனஅடி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

“அத்தை, நீங்க காய்ச்சல்ல உப்பு எவ்வளவு போட்டேள்?” என்று என் பெண் கேட்டாள்.

நாத்தனார் முகம் சுருங்கியது. பிரசாதத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்ற பயம் ஒன்று. தன் கையைக் குறை சொல்கிறாளே என்ற கோபம் ஒன்று. எப்போதும் போடுவதுதான் என்றாள்.

“எப்பவும் போடறதா? போன வருஷம் போட்டதா?”

நாத்தனார் உண்மையைச் சொன்னாள். “போன வருஷம் கொஞ்சம் சப்புன்னு இருந்தது. யாரும் வாயைத் திறக்கல. ஆனா மன்னி முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. அதனால இந்தத் தடவை சாதத்துக்கும் சேத்து நானே போட்டுட்டேன்.”

பெண் என் பக்கம் திரும்பினாள். நானும் சொல்ல வேண்டியதாயிற்று. போன வருடம் சப்பென்று இருந்தது எனக்கும் நினைவிருந்தது. அவளிடம் சொன்னால் மனம் வருந்துவாள் என்று, இந்த முறை சாதம் ஆறவைக்கும்போதே நான் உப்பு சேர்த்துவிட்டிருந்தேன். போன வருடத்துக் குறையை ஆளுக்கு ஒருமுறை, ஒருவருக்கொருவர் தெரியாமல், சரி செய்திருக்கிறோம். கலந்த பிறகு ருசி பார்க்க முடியாது. ருசி பார்க்க முடிகிற நேரத்தில் பேச முடியாது.

“விஞ்ஞானி ஆத்துல உப்புக்குக்கூட விசாரணைக் கமிஷன்” என்றார் என் கணவர். நாத்தனார் சிரித்துவிட்டாள். “தயிரை ஊத்திக்கோங்கோ அண்ணா, கமிஷன் அறிக்கை வரதுக்குள்ள நாக்கு போயிடும்” என்றாள். பெண் மட்டும் சிரிக்கவில்லை. இலையை மடிக்காமல் எழுந்து போய்விட்டாள். என்ன பழக்கம் இது என்று நாத்தனார் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அன்று மாலை அவளே என்னைக் கூப்பிட்டாள். மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் மாடியிலிருந்து தெற்கே மலைக்கோட்டை தெரியும். அப்போதுதான் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. காற்றில் புழுதி இருந்ததால் அந்த விளக்குகள் மங்கிச் சிவந்து, வழக்கத்தைவிடத் தள்ளி இருப்பதுபோல் இருந்தன. அவள் அதைக் காட்டித்தான் தொடங்கினாள். விண்மீன் வெடிப்புகளின் ஒளியும் இப்படித்தான். நம் பால்வீதியிலேயே இருக்கிற தூசி வழியாக வந்து மங்கிவிடும். தூசியால் மங்கியதைத் தொலைவால் மங்கியது என்று எடுத்துக்கொண்டால் வரலாறே தவறிவிடும். ஆகவே எந்தத் திசையில் எவ்வளவு தூசி என்று பார்த்து, அந்த அளவு வெளிச்சத்தைக் கணக்கில் திரும்பச் சேர்க்கிறார்கள். அதற்குத் தூசித் திருத்தம் என்று பெயர்.

அருகிலுள்ள வெடிப்புகளின் ஒரு தொகுதியை ஒரு பிரிவு தயார் செய்து கொடுக்கிறது. அவளுடைய பிரிவு அதைத் தொலைவில் உள்ளவற்றோடு சேர்த்துக் கணக்கிடுகிறது. முந்தைய பதிப்பில் அந்த அருகிலுள்ள தொகுதி, தூசித் திருத்தம் இல்லாமலே வந்து சேர்ந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதனால் இந்த முறை அவளுடைய பிரிவு அதற்குத் திருத்தம் செய்தது. அனுப்பிய பிரிவும் அனுப்புவதற்கு முன்பே செய்திருந்தால்?

“அவா பண்ணியிருக்காளான்னு கேட்டா போச்சு” என்றேன்.

“கேட்டேன்மா. ஆவணத்துல ஒரு தடவைதான்னு இருக்குன்னு சொல்லிட்டா.”

ஆவணம் என்பது நடக்க வேண்டியதைச் சொல்லும். நடந்ததைச் சொல்லும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் நூலகத்தில் எல்லாப் புத்தகமும் ஆவணப்படி அலமாரியில்தான் இருந்தது.

இரண்டு முறை திருத்தியிருந்தால் அருகிலுள்ளவை மட்டும் இருக்க வேண்டியதைவிடப் பிரகாசமாகக் கணக்கில் ஏறியிருக்கும். அருகிலுள்ளவை அண்மைக் காலத்தவை. ஆகவே அண்மைக் காலத்தில் விரிவு தன் போக்கை மாற்றிக்கொண்டதுபோல் ஒரு வளைவு வரும். உலகமே இருண்ட ஆற்றல் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, தூசியை இரண்டு தரம் துடைத்ததால் வந்த வளைவு விடையாக வந்து நிற்கும். ஆனால் விடை திரைக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பார்த்துப் பிழை இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பார்த்த பிறகு சொன்னால், விடை பிடிக்காததால் சொல்கிறாள் என்பார்கள்.

இத்தனை நாளாக இந்தச் சந்தேகம் தனக்கு லேசாகத்தான் இருந்தது என்றாள். இரண்டு பொறுப்பான பிரிவுகள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே வேலையைச் செய்திருக்கும் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லையாம். அன்று மதியம் இலையில் உட்கார்ந்தபோது நம்பிக்கை வந்ததாம்.

“நீங்க ரெண்டு பேரும் தப்புப் பண்ணலம்மா. ரெண்டு பேரும் சரியாப் பண்ணினேள். அதான் பயமா இருக்கு.”

நான் அப்போது குளிர்கோட்டைப் பற்றிக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. அவளுடைய நியமனம் செப்டம்பரோடு முடிகிறது. விடை வெளியானால் அதைக் காட்டி நீட்டிப்பு வாங்கித் தருவதாகக் குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் நடுவில் திரை விலக்குவதாக ஏற்பாடு. இப்போது அவள் எழுந்து ஆட்சேபம் சொன்னால் எல்லாக் கணக்கையும் அடியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவள் நியமனம் முடிந்துவிடும். சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கும், கட்டுரையில் பெயர் இருக்கும். அதோடு, தான் நம்பாத ஒரு விடையும் தன் பெயரில் இருக்கும். என்ன செய்வதென்று தெரியாததால்தான் கோட்டை எடுத்து வந்தேன் என்றாள்.

கீழே வந்து என் கணவரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். இவ்வளவு பேர் பார்க்கிற வேலையில் ஒரு பிழை தப்பாது, பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ ஏன் போய்க் கழுத்தைக் கொடுக்கிறாய் என்பது அவர் கட்சி. சென்னை வரன் அவர் வாயில் வரவில்லை. மனதில் இருந்தது எனக்குத் தெரியும். போன வருடம் உப்பு குறைந்ததை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்றைக்கு இப்படி ஆகியிருக்காது என்று பெண் சொன்னாள்.

நான் அவளுக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடக்கத்தால் அல்ல. எனக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

அவள் இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. சித்திரை வீதியைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள், உட்காருவாள், மறுபடி நடக்கக் கிளம்புவாள். ஆகஸ்ட் 6 காலை, காப்பி குடிப்பதற்கு முன்னால், குழுவில் உள்ள அனைவருக்கும் எழுதிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். மாலையில் அழைப்பு வந்தது. அன்று அவள் கதவைச் சாத்தவில்லை. எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. குரல்கள் மரியாதையாகவே இருந்தன. ஒருவர் நன்றி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தனை முறை நன்றி சொல்கிறவர்களை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் நம் மேசைப் பக்கமே வரமாட்டார்கள்.

திரை விலக்கும் நாள் தள்ளிப்போனது. முதலில் செப்டம்பர் என்றார்கள், பிறகு தேதி குறிப்பிடாமல் விட்டார்கள். செப்டம்பர் முடிவில் அவள் நியமனம் முடிந்தது. நீட்டிப்பு வரவில்லை. அவள் கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று குழுத் தலைவர் எழுதியிருந்தார். நிதி நிலைமையைக் காரணம் காட்டியிருந்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதோடு அவளுக்குக் குழுவின் கணினியில் நுழையும் அனுமதியும் நின்றுபோனது. சென்னை வரன் வீட்டாருக்கு என் கணவர், வேலை நிரந்தரமில்லை என்று உள்ளபடியே பதில் சொன்னார். அவர்களும் மரியாதையாக நன்றி சொன்னார்கள்.

இப்போது அவள் திருச்சியில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாக இயற்பியல் நடத்துகிறாள். பொன்மலையிலிருந்து வருகிற ரயில்வே வீட்டுப் பிள்ளைகள் நன்றாகக் கேள்வி கேட்கிறார்கள் என்கிறாள். ஒருத்தி, பார்க்க முடியாத ஒன்றை எழுபது சதவீதம் என்று எப்படி மேடம் எண்ணினீர்கள் என்று கேட்டாளாம். அந்தப் பெண்ணை எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

இத்தோடு நிறுத்தினால் என் பெண்ணைப் பற்றி நல்லதாக ஒரு சித்திரம் கிடைக்கும். ஆனால் நான் எழுதுவது சித்திரம் இல்லை, குறிப்பு. ஆகவே எனக்குத் தீராத இன்னொரு சந்தேகத்தையும் பதிவு செய்கிறேன். ஆடிப்பெருக்குக்கு முன்பே, ஜூலையிலேயே, அவள் கோட்டையும் குக்கரையும் எடுத்து வந்துவிட்டாள். அப்போது சந்தேகம் லேசாகத்தான் இருந்தது என்று அவளே சொல்லியிருக்கிறாள். லேசான சந்தேகத்துக்கு யாராவது வீட்டைக் காலி செய்வார்களா? நீட்டிப்பு வராது என்று அவளுக்கு முன்னமே தெரிந்திருக்குமோ? போகிற வேலைக்கு ஒரு கௌரவமான காரணம் தேடிக்கொண்டாளோ? தாயாக இதை நினைக்கக் கூடாது என்று நாத்தனார் சொல்லுவாள். அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை.

ஜனவரியில் ஒரு நாள் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டும்மா” என்றாள். “அதனாலதான் திரை விலகறதுக்கு முன்னாடியே எழுதினேன். நான் எதுக்காக எழுதினேங்கறது முக்கியமில்லாமப் போகணும். ரெண்டு தடவை பண்ணியிருக்காளா இல்லையா, அது மட்டும்தான் கேள்வி.”

பிறகு மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அவள் சொன்னதைத் தேதியோடு எழுதிக்கொண்டேன்.

இதை எழுதும் 2026 பிப்ரவரி வரை அந்தக் குழு தன் விடையை வெளியிடவில்லை. அவள் கேள்விக்கும் எழுத்தில் பதில் வரவில்லை. “பரிசீலனையில் இருக்கிறது” என்று ஒரு பழைய சகா மட்டும் போனில் சொன்னதாகச் சொன்னாள். அது ஒருவர் வாய்வழிச் செய்தி. அதை நான் உறுதியென்று எடுத்துக்கொள்ளவில்லை. அருகிலுள்ள வெடிப்புகளின் தொகுதிக்குத் தூசித் திருத்தம் ஒருமுறை செய்யப்பட்டதா, இரண்டு முறை செய்யப்பட்டதா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.